212ஆம் அட்டையின் வானம்

3 ஜூன் 2024, திங்கள். குன்னூர்

வேலையில் சேர்ந்தாகிவிட்டது. முதல் நாளே இரண்டு பேரைத் திருத்தினேன்.

அச்சகத்தில் இருந்தபோது ஒவ்வொரு வேலைக்கும் டைரி எழுதுவேன். என்ன தாள், என்ன மை, கெட்டுப்போனால் கெடுத்தது யார். ஓய்வு பெற்ற நாலு வருஷமாக எழுத ஒன்றுமில்லை. இப்போது மறுபடி வேலை, மறுபடி டைரி.

இந்த ஊரில் தபால் துறையில் இருந்த ஒருவர், வாழ்நாள் முழுக்கப் பழைய வண்ண அஞ்சல் அட்டைகளாகச் சேர்த்து, சாகும்போது ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லாம் நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முந்தியவை. மலை, அருவி, மலை ரயில், தேயிலைத் தோட்டம், சந்தை என்று வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊருக்கு எழுதிப் போட்டவை. அட்டைகள் 1,146. சட்டம் போட்டு மாட்டுகிற அளவில் பெரிய இயற்கைக் காட்சிப் படங்கள் 38. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எப்படி அச்சானது, என்ன வண்ணம், எங்கே சேதம் என்று நான் எழுத வேண்டும். அதில் அறுபதைப் பொறுக்கி ஓர் ஆல்பம் போடுகிறார்கள். அச்சாகப் போவது சிவகாசியில், என் பழைய அச்சகத்திலேயே. கடைசி மாதிரித் தாளில், அதாவது புரூஃபில், தங்கபுஷ்பமாகிய நான் ஓகே என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிஷின் ஓடும்.

வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? பத்தொன்பது வயதில் ரீடச்சிங் பிரிவில், படம் திருத்தும் தூரிகை பிடித்தவள். முப்பத்தெட்டு வருஷம். எத்தனை வீட்டுப் பூஜை அறை முருகனுக்கு என் கையால் கன்னச் சிவப்பு வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. கடைசி வருஷம்கூட, மை கலக்கும் சீனிராஜ் ஓர் அம்மன் படத்தின் புடவையைக் கெடுத்து வைத்தபோது, ஆயிரம் தாள் ஓடிய பிறகும் விடாமல் பிடித்தது நான்தான். அவனை அனுப்பிவிட்டார்கள்.

அறக்கட்டளைச் செயலாளர் போஜன் சார், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். இதெல்லாம் கையால் வண்ணம் தீட்டியது என்றார். லென்ஸை வைத்துப் பாருங்கள் என்றேன். புள்ளி வரிசையாக நின்றால் உலோக பிளாக்கில் அடித்தது. மணலைத் தூவினாற்போல் இருந்தால் கல்லில் எடுத்தது, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். அவர் வாயைப் பிளந்தார்.

இரண்டாவது ஜெசிந்தா. அட்டைகளை ஸ்கேன் செய்கிறவள். நாற்பது வயது, கோத்தகிரியிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையைப் பரப்பி வைத்திருந்தாள். வெயில் பட்டால் வண்ணம் போகும் என்று திரையை இழுத்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. அமைதியானவர்கள் மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு.

4 ஜூன், செவ்வாய்

எல்லோரும் போனில் ஓட்டு எண்ணிக்கை பார்த்தார்கள். நான் புள்ளி எண்ணினேன். 31 அட்டைகள்.

7 ஜூன், வெள்ளி

தங்கியிருப்பது மாதியம்மா வீட்டு மாடி அறை. இந்த மலைக்காரர், படுகர். அறுபத்தாறு வயது, தனியாள், எனக்கு மேல் பேசுகிறவர். அவரைக்காய்க் குழம்பு கொடுத்தார். நன்றாக இருந்தது. மாடிப்படி மட்டும் மோசம், கடைசிப் படி எங்கே முடிகிறதென்று தெரியாமல் கட்டியிருக்கிறார்கள்.

அட்டைகளில் முக்கால்வாசி ஜெர்மனியில் அச்சானவை. இங்கிருந்து கறுப்பு வெள்ளைப் போட்டோ கப்பலில் போகும். கூடவே ஒரு துண்டுச்சீட்டு போகும்: புடவை சிவப்பு, கூரை ஓட்டு நிறம், வானம் நீலம். அங்கே இருக்கிறவன் இந்த மலையைப் பிறவியில் பார்த்திருக்க மாட்டான். சீட்டைப் பார்த்து வண்ணம் போடுவான். அதனால்தான் 88ஆம் அட்டையில் பனியனே போடாத ஒருவருக்குப் பச்சைப் பனியன் இருக்கிறது. காணாததற்கு வண்ணம் போட்டால் அப்படித்தான்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். சிரித்தாள். சிரிக்கத் தெரிகிறது.

12 ஜூன், புதன்

பெரிய பிரச்சினை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். இந்தச் சேகரிப்பில் நீலம் போய்விட்டது.

இன்று 212ஆம் அட்டை. கேத்திப் பள்ளத்தாக்கு, மேலே நிறைய வானம், பின்னால் மூன்று அடுக்கு மலை. கல் அச்சு, அருமையான வேலை. ஆனால் நான் எழுதியது இது: “வானம் அழுக்கு வைக்கோல் நிறம். தூரத்து மலைகள் பழுப்பு. நீல மை முற்றிலும் மங்கிவிட்டது.” திரும்பிப் போய் முந்தியவற்றையும் பார்த்தேன். எல்லாம் அப்படியே. நூறு வருஷம் சும்மாவா? அந்தக் காலத்து நீலம் நிற்காது.

ஆல்பத்தில் அழுக்கு வானத்தையா போடுவது? இழந்த நீலத்தை ஏற்றித்தான் அச்சடிக்க வேண்டும் என்று போஜன் சாரிடம் சொன்னேன். சரி என்றார். ஜெசிந்தாதான் இழுத்தாள்.

“அக்கா, நீலம் இருக்குதுங்களே.”

“எங்க இருக்கு?”

“இதோ, வானத்துல. மலையிலயும்.”

“அது நீலமில்லம்மா, நீலம் இருந்த தடம். புதுசா பாக்குறவுகளுக்கு வித்தியாசம் தெரியாது. நீ ஏத்து.”

ஏற்றினாள். போதாது என்றேன். இன்னும் ஏற்றினாள்.

15 ஜூன், சனி

கடைவீதியில் கறுப்பு ஸ்வெட்டர் வாங்கினேன். கறுப்புச் சேலைக்குப் பொருத்தமாக. மாதியம்மா பார்த்துவிட்டு, “நீலம் உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு” என்றார். கறுப்பு என்றேன். நீலம் என்றார். மலைக்காரர்கள் கறுப்பையும் நீலம் என்பார்கள்போல. அவருக்கே கண்ணில் புரை, அடுத்த மாசம் கண் முகாமில் காட்டப் போகிறாராம். பாவம், வாதாடாமல் விட்டேன்.

துணி துவைத்துப் போட்டேன். “இன்னைக்குத்தான் வானம் வெளுத்திருக்கு, போடுங்க போடுங்க” என்று அவசரப்படுத்தினார். எனக்கென்னவோ மூட்டமாகத்தான் இருந்தது. வந்த நாளிலிருந்து இந்த ஊரில் ஒரு நல்ல வானம் பார்க்கவில்லை. மழைக்காலம்.

20 ஜூன், வியாழன்

ஜெசிந்தாவோடு சண்டை.

ஒரு வண்ணப் பட்டை வைத்திருக்கிறாள். அங்குல நாடாபோல நீளமாக, கட்டம் கட்டமாக எல்லா வண்ணமும் அச்சான அட்டை. அதை அஞ்சல் அட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஸ்கேன் செய்வாள். பட்டையின் வண்ணம் திரையில் சரியாக வந்தால் அட்டையும் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

“பாருங்கக்கா. நீங்க சொன்ன மாதிரி ஏத்தினா பட்டையே தப்பாகுது.”

“பட்டை விக்கிறவனுக்கு என்ன தெரியும்? நான் பட்டையில்லாமலே முப்பத்தெட்டு வருஷம் ஓட்டுனவ.”

“ஆளுங்க முகமெல்லாம் நீலமாகுதுங்க. தேயிலை பறிக்கிறவங்க எல்லாம் காலண்டர் கிருஷ்ணர் மாதிரி நிக்கிறாங்க.”

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காலண்டர் என்றால் இவர்களுக்கு இளக்காரம்.

“செஞ்ச வேலையத் திரும்பச் செய்யச் சோம்பல். அதுக்கு இல்லாத நீலத்தை இருக்குன்னு பொய் சொல்லுற. அங்கிட்டு இங்கிட்டு சுத்தாம நேரா சொல்லேன்.”

பொய் என்ற சொல்லுக்கு அவள் முகம் மாறிவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் ஆறு மணி வரை இருந்து 40 அட்டை முடித்தேன்.

24 ஜூன், திங்கள்

போஜன் சார் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். ஜெசிந்தா 212ஐ எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“சார், நீங்களே சொல்லுங்க. இந்த வானம் என்ன நிறம்?”

அவர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஜெசிந்தாம்மா, புஷ்பம்மாவோட அனுபவம்னு ஒண்ணு இருக்குதுங்களே” என்றார்.

அவ்வளவுதான். இனி வேலைக்கு வரமாட்டேன் என்று ஜெசிந்தா எழுந்துவிட்டாள். போகும்போது அந்த வண்ணப் பட்டையை என் மேஜையில் வைத்தாள். “இது இங்கயே இருக்கட்டும்” என்றாள். அழவில்லை, கத்தவில்லை. அதுவும் ஒரு திமிர்தான்.

ஸ்கேன் எல்லாம் முடிந்துதான் இருக்கிறது. மீதித் திருத்தத்தைச் சிவகாசியில் என் சொல்படி செய்துகொள்வார்கள். காளிராஜ்தான் இப்போது அங்கே போர்மேன். என்னிடம் வேலை படித்தவன்.

29 ஜூன், சனி

ஊட்டியில் ஒரு நூலகத்தில் வேலைக்கு ஜெசிந்தா விண்ணப்பித்திருந்தாளாம். இவள் எப்படி என்று அவர்கள் போஜன் சாரைக் கேட்டிருக்கிறார்கள். “வண்ண விஷயத்தில் போதாது” என்று எழுதிவிட்டாராம். என்னிடம் வந்து வருத்தப்பட்டுச் சொன்னார். உண்மையைத்தானே எழுதினீர்கள் என்றேன்.

அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது.

2 ஜூலை, செவ்வாய்

பல்பு சரியில்லை. மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். அதுவும் சரியில்லை. வெளிச்சத்தைச் சுற்றிப் புகைபோல ஒரு வளையம். இந்தக் காலத்து எல்இடி எல்லாம் இப்படித்தான்.

நான் வைத்த ரசத்தில் மஞ்சள்தூள் இரண்டு தரம் விழுந்துவிட்டது. மாதியம்மா ரசத்தை ஒதுக்கிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

8 ஜூலை, திங்கள்

புரூஃப் வந்தது! அறுபதும். பிரித்துப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. நீலகிரி என்றால் இது நீலகிரி. 212இன் வானம் கண்ணாடிபோல் இருக்கிறது. அச்சடித்த அந்த ஜெர்மன்காரன் பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொள்வான்.

காளிராஜ் போனில் நீல மையைப் பற்றி ஏதோ முனகினான். “அக்கா, சயான் கொஞ்சம் தூக்கலா இருக்கோ?”

“நீலகிரின்னு சும்மாவாடா பேரு வச்சாக?”

“நீங்க சொன்னா சரித்தான்க்கா.”

அறுபதிலும் ஓகே போட்டேன். போஜன் சார் ஒவ்வொன்றையும் புரட்டினார். “பளிச்சுனு இருக்குதுங்க” என்றார். 18ஆம் தேதி வியாழன் காலை மிஷின் ஏறுகிறது.

11 ஜூலை, வியாழன்

மாதியம்மா கண் முகாமுக்குத் தனியாகப் போகப் பயந்தார். துணைக்குப் போனேன். வரிசையில் சும்மா நிற்கிறவளையும் உட்கார வைத்து டார்ச் அடித்தார்கள். டாக்டர் பெண். பார்த்தால் காலேஜ் பெண் மாதிரி இருந்தாள். இரண்டு கண்ணையும் மறுபடி அடித்துப் பார்த்தாள்.

“அம்மா, எத்தனை வருஷமா இப்படி இருக்கு?”

“எப்படி?”

“ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்திப் பழுப்பாயிருச்சு. உங்களோட வந்த அம்மாவ விட உங்களுக்குத்தான் ஜாஸ்தி.”

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வண்ணமெல்லாம் சரியாகத் தெரிகிறதா என்றாள். என்னை விடச் சரியாக யாருக்கும் தெரியாது என்றேன். சனிக்கிழமை கோயம்புத்தூரில் ஒரு கண்ணுக்குச் செய்துவிடலாம், பஸ் விடுகிறோம் என்றாள்.

மாதியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவருக்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.

13 ஜூலை, சனி. கோயம்புத்தூர்

வலது கண். முடிந்தது. வலி இல்லை. கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன், வரி கோணல்.

14 ஜூலை, ஞாயிறு

கட்டு அவிழ்த்தார்கள்.

எதிரே ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. வாளிதான், தண்ணீர் பிடிக்கிற வாளி. அப்படி ஒரு நீலத்தை நான் எவ்வளவு காலமாகப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நர்ஸ் கண்ணில் சொட்டு மருந்து விட வந்தாள். கொஞ்சம் பொறுமா, அந்த வாளியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் யாரையோ பார்த்துச் சிரித்தாள்.

வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன். வாளி சாம்பல். இடதை மூடி வலதால் பார்த்தேன். நீலம். மாற்றி மாற்றி எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியவில்லை.

என் ஸ்வெட்டர் நீலம்.

16 ஜூலை, செவ்வாய். குன்னூர்

பஸ் பகல் ஒரு மணிக்கு இறக்கிவிட்டது. வீட்டுக்குப் போகவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு நேராக அறக்கட்டளைக்குப் போனேன். போஜன் சார் இல்லை. பெட்டியைத் திறந்து 212ஐ எடுத்தேன். ஜன்னல் திரையை நானே விலக்கினேன், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்.

வானம் நீலம். மேலே அடர்த்தியாகத் தொடங்கி, மலையைத் தொடுமிடத்தில் பால் கலந்தாற்போல் இளகிப் போகிறது. மூன்று அடுக்கு மலைக்கும் மூன்று நீலம். நூறு வருஷத்துக்கு முன்னால் அதை அரைத்துப் பூசியவன் ஒரு குறையும் வைக்கவில்லை. எதுவும் மங்கவில்லை.

பிறகு புரூஃபைப் பிரித்தேன். சொட்டு நீலம் பாட்டிலைக் கவிழ்த்ததுபோல் இருந்தது. தேயிலை நீலம், ஓட்டுக் கூரை ஊதா, பறிக்கிற பெண்களின் கை, முகம், சிரித்த பல் எல்லாம் நீலம். ஒவ்வொன்றிலும் மூலையில் என் கையெழுத்து. ஓகே. ஓகே. அறுபது தடவை.

ஜெசிந்தாவின் வண்ணப் பட்டை என் மேஜையில் வைத்த இடத்திலேயே இருந்தது. புரூஃபுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றோடும் ஒட்டவில்லை.

காணாததற்கு வண்ணம் போட்டவர்கள் என்று அந்த ஜெர்மன்காரர்களை ஏளனம் செய்திருக்கிறேன். அவர்களிடமாவது ஒரு துண்டுச்சீட்டு இருந்தது.

17 ஜூலை, புதன்

மொஹரம் விடுமுறை. அறையிலேயே இருந்தேன். நாளைக் காலை மிஷின் ஏறுகிறது.

இதை எழுதத்தான் வேண்டும். பேசாமல் இருந்துவிடலாமா என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாருக்குத் தெரியப் போகிறது? அட்டைகள் இருட்டுப் பெட்டிக்குள் போய்விடும். நீலம் மங்கியது என்று பட்டியலில் நான் எழுதினால் மங்கியதுதான். ஆல்பத்தை வாங்குகிறவர்கள் பளிச்சென்று இருக்கிறது என்பார்கள். சொன்னால் என்ன மிஞ்சும்? கண் தெரியாதவளுக்கு எவன் புரூஃப் கொடுத்தான் என்று சிவகாசி முழுக்கச் சிரிக்கும். எனக்கு இருப்பது இந்தப் பேர் ஒன்றுதான். கல்யாணம், பிள்ளை, வீடு எதுவும் வேண்டாமென்று இதைத்தான் சம்பாதித்தேன்.

மத்தியானம் வேறொன்று நினைவுக்கு வந்தது. சீனிராஜ். அந்த அம்மன் புடவை. “அக்கா, நீங்க குடுத்த ஊதாதான் இது, அதே டப்பாதான்” என்று டப்பாவைத் தூக்கிக் காட்டினான். நான் பார்த்தேன். பழுப்பாகத்தான் தெரிந்தது. எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினேன். நாலு வருஷத்துக்கு முன்னால்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

18 ஜூலை, வியாழன்

ஏழு மணிக்குக் காளிராஜுக்குப் போன் போட்டேன். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது.

“பிளேட் ஏத்தியாச்சுக்கா. முதல் ஃபாரம் இப்பத்தான் இழுக்கோம்.”

“நிறுத்து.”

“என்னக்கா?”

“மிஷினை நிறுத்துடா. கலர் தப்பு.”

“நீங்க ஓகே போட்டதுக்கா. அறுபதும்.”

“போட்டவ நான்தான், சொல்றவளும் நான்தான். எனக்குக் கண்ணு தெரியல காளி. புரை. இப்பத்தான் ஆபரேஷன் ஆச்சு. இத அங்க யாரு கேட்டாலும் நீ சொல்லலாம். நிறுத்து.”

சத்தம் நின்றது. அந்த அமைதி எனக்குப் பழக்கம்தான். ஓடுகிற மிஷினை எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கிறேன், அடுத்தவன் தப்புக்காக.

“எனக்கும் தூக்கலாத்தான் பட்டுச்சுக்கா” என்றான் மெதுவாக. “நீங்க சொன்னப்புறம், என் கண்ணுலதான் கோளாறோன்னு நெனச்சேன்.”

பத்து மணிக்குப் போஜன் சார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் மறுபடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்த வானம் எனக்கும் நீலமாத்தான் தெரிஞ்சுதுங்க, புஷ்பம்மா.”

“அப்ப ஏன் சார் சொல்லல?”

“நீங்க அவ்வளவு உறுதியா இருந்தீங்களே.”

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அப்புறம் எதற்கு வந்தது என்று யோசித்தேன். காளிராஜுக்குத் தெரிந்தது, இவருக்குத் தெரிந்தது, மாதியம்மாவுக்கு என் ஸ்வெட்டர் தெரிந்தது. அத்தனை பேர் வாயையும் நான் அடைத்து வைத்திருக்கிறேன். அடைக்க முடியாத ஒருத்தியைத்தான் வெளியே அனுப்பினேன்.

21 ஜூலை, ஞாயிறு

கோத்தகிரி போனேன். பஸ் எண்ணைத் தூரத்திலிருந்தே படித்தேன்.

ஜெசிந்தா வீட்டில் சர்ச் பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். உட்காரச் சொன்னாள். டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வைத்தாள். எதிரே உட்கார்ந்துகொண்டாள். உதவுகிற மாதிரி ஒரு வார்த்தை பேசவில்லை. நானே தொடங்கி நானே முடிக்க வேண்டியிருந்தது. அவள் செய்தது சரி.

“மன்னிச்சிடும்மா” என்றேன். இந்தச் சொல்லை இதற்கு முன் எப்போது சொன்னேன் என்று ஞாபகமில்லை.

“கண்ணு தெரியாததுக்கு மன்னிப்பு வேண்டாங்கக்கா. அது யாருக்கும் வரும்.” டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். “நீங்க என்னைப் பொய்யின்னு சொன்னீங்க. அதுக்குக் கேளுங்க.”

அதற்குக் கேட்டேன்.

“வாயால போதாது. எழுதிக்குடுங்க. ஊட்டி நூலகத்துக்கு ஒண்ணு. அப்புறம், அந்தப் பட்டியல்ல ‘நீலம் மங்கியது’ன்னு எத்தனை அட்டைக்கு எழுதியிருக்கீங்க?”

“அறுநூத்திப் பன்னெண்டு.”

“அத்தனையும் மாத்தி எழுதணும். ஏன் மாத்தினோம்னு முதல் பக்கத்துல போடணும். சும்மா அழிச்சிட்டு எழுதினா நான் வரமாட்டேன்.”

மெல்ல நிமிர்ந்து பார்த்தேன். இவளையா அமைதியானவள் என்று நினைத்தேன்? டீ ஆறிவிட்டது. ஆறிய டீயைக் குடித்துவிட்டு, தாள் கொடு என்றேன். அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

29 ஜூலை, திங்கள்

ஜெசிந்தா வந்துவிட்டாள். ஊட்டி வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. என் கடிதம் போவதற்கு இரண்டு நாள் முன்னால். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் பேசாமல் இருக்கமாட்டேன். அடுத்த இடத்துக்கும் எழுதுவேன், அதற்கடுத்த இடத்துக்கும் எழுதுவேன்.

திருத்தம் தொடங்கிவிட்டது. இடது கண்ணுக்கு ஆகஸ்டில் வரச் சொன்னார்கள். செப்டம்பருக்குத் தள்ளிவிட்டேன். டாக்டருக்குக் காரணம் புரியவில்லை, ஜெசிந்தாவுக்கு உடனே புரிந்தது. பழைய கண் இருக்கும் வரைதான் நான் எந்த அட்டையில் எப்படித் தவறினேன் என்று பார்க்க முடியும். இடது கண்ணால் பார்த்தால், ஜூனில் நான் எழுதியது ஓர் எழுத்துப் பிசகாமல் சரி. வலது கண்ணால் பார்த்தால் அவள் சரி. சந்தேகமான இடத்தில் வண்ணப் பட்டை சரி.

“ரெண்டு ஆளு வேலையை ஒரே ஆளு செய்றீங்க” என்றாள். சிரித்தாள். ஜூன் ஏழுக்குப் பிறகு இன்றுதான்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

காளிராஜிடம் சீனிராஜின் நம்பர் வாங்கினேன். மதுரையில் பெயிண்ட் கடையில் இருக்கிறானாம். போன் போட்டேன். எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டான். “சரிக்கா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அவனுக்கு அவ்வளவுதான் முடிந்தது. அச்சகத்துக்கும் எழுதிப் போட்டேன்.

23 ஆகஸ்ட், வெள்ளி

புதுப் புரூஃப் வந்தது. பெண்களுக்கு முகம் வந்துவிட்டது. நாலாவது வரிசையில் நிற்கிறவளுக்கு மூக்குத்தி இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

போஜன் சார் வழக்கம்போல் பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் அதை ஜெசிந்தாவிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு படத்துக்கும் பட்டையை வைத்துப் பார்த்து, நிதானமாக ஓகே போட்டாள். 37ஆம் படத்தில் நிறுத்தினாள்.

“இதுல கூரை இன்னும் கொஞ்சம் ஊதாவா இருக்குங்க.”

“எனக்குச் சரியாத்தான் தெரியுது.”

“எந்தக் கண்ணுல பாத்தீங்க?”

வலதால் மறுபடி பார்த்தேன். ஊதாதான். 37 சிவகாசிக்குத் திரும்பிப் போகிறது. மற்ற ஐம்பத்தொன்பதிலும் அவள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து. போஜன் சாரையும் விடவில்லை, கண்ணாடியைத் துடைக்காமல் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். சரியாக இருக்கிறது என்று முதல் தடவையாகச் சத்தமாகச் சொன்னார்.

பட்டியலின் முதல் பக்கத்துக்கு நானே எழுதினேன். நாலு வரிதான். எழுதியவளுக்குக் கண்ணில் புரை இருந்தது, சொன்னவர் பேச்சைக் கேட்கவில்லை, 612 பதிவுகள் திருத்தப்பட்டன, திருத்தியவர் ஜெசிந்தா. என் முழுப் பெயரையும் போட்டிருக்கிறேன்.

கடைசியாக 212ஐ மாற்றினேன். பழைய வரி மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி. அதன் அடியில் புது வரி:

“212. கேத்திப் பள்ளத்தாக்கு. கல் அச்சு. வானம் நீலம். தூரத்து மலைகள் மூன்று நீலம். மங்கியது அட்டை அல்ல.”